சிவானந்தனின் கறுப்பு

1

கறுப்பு என்ற சொல்லுக்குத் தொல்காப்பியர் உரியியலில் முதலில் தரும் பொருள் வெகுளி. அது நிறத்தையும் உணர்த்தும் என்பது அடுத்த சூத்திரத்தில்தான் வருகிறது. முதலில் சினம், பிறகு நிறம். இந்த வரிசை நம் வழக்கில் எப்போதோ தலைகீழாகிவிட்டது. சினம் மறைந்து நிறம் மட்டும் எஞ்சிற்று. அந்த நிறமும் ஞாயிற்றுக்கிழமைத் தினசரியின் வரன் விளம்பரத்தில் 'மாநிறம்' என்று பூசி மெழுகப்படுகிறது. நடுவில் ஒருமுறை, 1940களில், பெரியார் கறுப்பைச் சட்டையாக அணியச் செய்தபோது சொல் தன் பழைய பொருளுக்குத் திரும்பிற்று. இழிவை ஒப்புக்கொள்ள மறுப்பவன் போட்டுக்கொள்ளும் அடையாளமாக அது ஆயிற்று.

அம்பலவாணர் சிவானந்தன் (1923–2018) தன்னைக் கறுப்பர் என்று சொல்லிக்கொண்டவர். அவர் ஆப்பிரிக்கரும் அல்லர், கரீபியத் தீவுகளைச் சேர்ந்தவரும் அல்லர். யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழர். லண்டனில் ஏறக்குறைய அறுபது வருஷம் வாழ்ந்தவர். கறுப்பு என்பது தோலைப் பற்றிய தகவலே அல்ல, யாருடன் நிற்கிறோம் என்ற முடிவு என்று கடைசிவரை வாதாடியவர். தொல்காப்பியரின் வரிசையை அவர் தொல்காப்பியத்திலிருந்து பெற்றிருக்க வேண்டியதில்லை. 1958இல் லண்டன் தெரு அதைக் கற்றுக்கொடுத்திருக்கும்.

நம்மிடையே அவரைப் படித்தவர்கள் இரண்டு வகை. கட்டுரைகளைப் படித்துவிட்டு நாவலை அவற்றின் உதாரணமாக எடுத்துக்கொள்கிறவர்கள் ஒரு வகை. நாவலைப் படித்துவிட்டுக் கட்டுரைகளைப் 'பிரச்சாரம்' என்று ஓரம்கட்டுகிறவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினருக்கு இலக்கியம் சாட்சிக் கூண்டு. இரண்டாம் வகையினருக்கு அது பூஜை அறை. இருவருமே பாதி சிவானந்தனை விட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். கட்டுரைகளில் அவர் ஒரு பெயரைக் கட்டினார். அந்தப் பெயர் தாங்காத எடை எது என்பதை நாவலில் எழுதினார். இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் பேசுகின்றன. அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே இந்தக் கட்டுரை.

2

நான் காஞ்சிபுரத்தில் ஒரு வங்கியில் குமாஸ்தா. பி.ஏ. ஆங்கிலம். ஆங்கிலத்தில் பரீட்சை எழுதியிருக்கிறேனே ஒழிய, அந்த மொழியில் யாருடனும் சண்டை போட்டதில்லை. எனவே சிவானந்தனின் வாழ்க்கையில் என்னை முதலில் நிறுத்திய விஷயம் சிறியதுதான். அவர் வங்கிக்காரர்.

தபால் துறை ஊழியரின் மகன். கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியில் படித்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1945இல் பொருளாதாரப் பட்டம் பெற்றார். மலையகத்தில் சில காலம் ஆசிரியர். பிறகு பாங்க் ஆஃப் சிலோன். வெள்ளையரல்லாத முதல் மேலாளர்களில் ஒருவராக அங்கே உயர்ந்தார். மணந்தது ஒரு சிங்களப் பெண்ணை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1958 மே மாதம் கலவரம்; அவருடைய பெற்றோரின் வீடும் தாக்கப்பட்டது. அந்த வருஷமே நாட்டை விட்டுப் புறப்பட்டு லண்டனில் இறங்கினார். அங்கே, நாட்டிங் ஹில் பகுதியில், கரீபியக் கறுப்பர்களை வெள்ளை இளைஞர்கள் தெருத்தெருவாக அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வருஷத்தில் இரண்டு கலவரம். முதலாவதில் அவர் தமிழர், இரண்டாவதில் கறுப்பர். இரண்டு முறையும் பெயரை வைத்தவன் கல்லெறிந்தவன்.

லண்டனில் எந்த வங்கியும் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. கொழும்பில் மேலாளராக இருந்தவர் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவானார். பிறகு நூலகராகப் பயிற்சி பெற்றார். பொது நூலகங்களில் வேலை செய்து, 1964இல் இன உறவுகள் ஆய்வு நிறுவனத்தின் தலைமை நூலகரானார். அரசாங்கத்துக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் ஆலோசனை சொல்லும் கண்ணியமான ஸ்தாபனம் அது. கறுப்பர்களைப் பற்றி ஆராய்ந்தது; கறுப்பர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படவில்லை. 1972இல் ஊழியர்களும் உறுப்பினர்களும் ஒரு பக்கம், நிர்வாகக் குழு மறுபக்கம் என்று மோதல் முற்றி, நிர்வாகிகளில் பெரும்பாலோர் வெளியேற நேர்ந்தது. நூலகர் இயக்குநரானார். நிறுவனத்தின் 'ரேஸ்' என்ற ஆய்விதழ் 1974இல் அவர் ஆசிரியத்துவத்தில் 'ரேஸ் அண்டு கிளாஸ்' ஆயிற்று. தலைப்பில் சேர்ந்த அந்த ஒரு சொல்லில் அவருடைய மொத்தத் தகராறும் இருக்கிறது.

பணமும் கட்டிடமும் போன பிறகு ஒரு பத்திரிகையை வருஷக்கணக்கில் நடத்துவது எப்படிப்பட்ட காரியம் என்பதை இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

3

கட்டுரைகளுக்கு வருகிறேன். 1974இல் வெளியாகி, பின்னர் 'கறுப்பு அறிவாளியின் விடுதலை' என்று பொருள்படும் தலைப்பைப் பெற்ற கட்டுரை, காலனியம் செய்து வைத்த படித்த மனிதனைப் பற்றியது. அவன் தன் ஜனங்களிடமிருந்து பிரிக்கப்பட்டவன். யாரைப் போல ஆக முயல்கிறானோ அவர்கள் அவனைச் சேர்த்துக்கொள்வதில்லை. தன் ஜனங்களின் போராட்டத்திற்குள் போகாமல் அவனுக்கு மீட்சியில்லை. 1976இல் எழுதிய கட்டுரை பிரிட்டிஷ் குடியேற்றச் சட்டங்களைக் கணக்குப் புத்தகம்போல் விரித்து வைக்கிறது. ஒரு தொழிலாளியைப் பெற்று வளர்த்துப் படிக்க வைக்கும் செலவை ஏழை நாடு செய்கிறது. அவன் உழைப்பைப் பணக்கார நாடு எடுத்துக்கொள்கிறது. அவன் அங்கே வேர்விடாதபடி 1962, 1968, 1971 சட்டங்கள் பார்த்துக்கொள்கின்றன. நிறவெறி என்பது வெள்ளைக்காரனின் மனக்கோணல் அல்ல, இந்தக் கணக்கு நேராவதற்குத் தேவைப்படும் ஒரு பதிவு என்கிறார். வங்கியில் இருந்தவரின் கட்டுரை என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்திருக்கும்.

1981இல் எழுதியது பிரிட்டனில் ஆசியர், கரீபியர் போராட்டங்களின் வரலாறு. அதை அவர் 1940இல் ஓ'ட்வயரைச் சுட்ட உத்தம் சிங்கிலிருந்து தொடங்குகிறார். உத்தம் சிங் தனக்கு ராம் முகம்மது சிங் ஆசாத் என்று பெயர் வைத்துக்கொண்டவர். பிறந்த பெயரை மூன்று மதங்களின் ஒரே பெயராக மாற்றிக்கொண்ட ஒருவரை முதல் பக்கத்தில் நிறுத்தியதைத் தற்செயல் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. பஞ்சாபித் தொழிலாளியும் ஜமைக்காத் தொழிலாளியும் ஒரே பெயருக்குக் கீழே நிற்க முடியும் என்பதுதான் அந்தக் கட்டுரையின் வாதம்.

இதற்கு ஆட்சேபம் உண்டு. 1988இல் தாரிக் மோடூத் அதை அழுத்தமாக எழுதினார். 'கறுப்பு' என்ற ஒற்றைப் பெயர் ஆசியர்களின் சொந்த அனுபவத்தை, குறிப்பாக மதத்தையும் பண்பாட்டையும், விழுங்கிவிடுகிறது என்றார். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கடன் விஷயமாக வங்கிக்கு வரும் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் ஒருமுறை என்னிடம் சொன்னார். கறுப்புப் பாவு போட்டால் இழை அறுந்தது கண்ணுக்குத் தெரியாதாம். கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம். ஒற்றுமைப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. 'தமிழன்' என்ற பெயருக்கு நிச்சயமாக உண்டு.

ஆனால் ஆட்சேபிப்பவர்கள் ஒன்றைப் பார்ப்பதில்லை. சிவானந்தன் அந்தப் பெயரை எடுத்தபோது அதற்கு ஒரு விலை இருந்தது. கல்லூரிப் படிப்பும் நல்ல ஆங்கிலமும் உள்ள ஒரு முன்னாள் வங்கி மேலாளர், லண்டனில் 'சிலோன் கனவான்' என்றோ 'ஆசியர்' என்றோ இருந்துகொண்டு ஓரளவு மரியாதையுடன் காலம் தள்ளியிருக்கலாம். அவர் எடுத்தது தெருவில் ஆகக் கீழே கிடந்த பெயரை. தனக்குக் கிடைக்கக்கூடிய சிறு சலுகையை விட்டுக்கொடுத்து எடுத்த பெயர் அது.

எனக்கு மிக நெருக்கமானது 1985 கட்டுரை. 1981இல் பிரிக்ஸ்டன் எரிந்தது. ஸ்கார்மன் பிரபுவின் விசாரணை அறிக்கை வந்தது. அதைத் தொடர்ந்து அதிகாரிகளுக்கும் நகராட்சி ஊழியர்களுக்கும் நிறவெறி விழிப்புணர்வுப் பயிற்சி பரவிற்று. அந்தப் பயிற்சியின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் எலி என்று பொருள்படும். சிவானந்தன் தலைப்பிலேயே அந்த எலியைப் பிடித்துப் போட்டுவிடுகிறார். வெள்ளையர்கள் வட்டமாக உட்கார்ந்து தம் உள்ளத்து அழுக்கை ஒப்புக்கொண்டு கண்ணீர் விடும் ஏற்பாடு அது. அழுதுவிட்டு அதே நாற்காலிக்குத் திரும்புவார்கள். நிறவெறி மனநோயாகிவிட்டால் அதற்கு வைத்தியர் போதும். அதிகாரத்தைத் தொட வேண்டியதில்லை. இதைச் சொல்ல அவர் எடுத்துக்கொள்ளும் தொனி கேலி. ஆனால் கேலிக்கு அடியில் பதற்றம் இருக்கிறது. ஏனென்றால் பயிற்சி நடத்தியவர்களில் கறுப்பர்களும் இருந்தார்கள்.

இதைப் படித்த காலத்தில் எங்கள் கிளையைக் கூட்டிப் பெருக்க ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். டீக்கடைப் பையன் எங்களுக்கெல்லாம் கண்ணாடி கிளாஸில் டீ கொண்டுவருவான். பெரியவருடைய எவர்சில்வர் டம்ளர் பின்பக்க ஜன்னல் திட்டில் கவிழ்ந்திருக்கும். அதில் ஊற்றிவிட்டுப் போவான். மூன்று வருஷம் அந்த ஜன்னலைக் கடந்துதான் நான் ரெக்கார்டு ரூமுக்குப் போய் வந்தேன். அமெரிக்கக் கறுப்பர்களின் கவிதைகளை மொழிபெயர்த்து நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியதும் அதே மூன்று வருஷத்தில்தான். என் மனம் சுத்தமாக இருந்தது. டம்ளர் ஜன்னலில் இருந்தது.

ஒரு நாள் பையனிடம் அவருக்கும் கிளாஸில் கொடுக்கச் சொன்னேன். பெரியவர் வாங்கவில்லை. "வேணாம் சார், நாளைக்கு நீங்க லீவுல இருப்பீங்க" என்றார்.

சிவானந்தன் ஒரு முழுக் கட்டுரையில் சொன்னது அந்த வாக்கியத்தில் இருந்தது. என் நல்ல மனம் வேலைக்கு வரும் நாளில் மட்டும் இருக்கிற ஒன்று. ஜன்னல் எல்லா நாளும் இருக்கிறது. அடுத்த வருஷம் துப்புரவு வேலை காண்டிராக்டுக்குப் போயிற்று. டம்ளர் போனது, பெரியவரும் போனார். யாரும் திருந்தவில்லை; ஏற்பாடு மாறியது, அவ்வளவுதான். இதை என் குற்ற உணர்வைக் காட்சிக்கு வைப்பதற்காக எழுதவில்லை. அந்தக் கண்காட்சியைத்தான் அவர் கேலி செய்தார்.

4

அவருடைய ஒரே நாவலான 'வென் மெமரி டைஸ்' 1997இல் வந்தது. அப்போது அவருக்கு 73 வயது. மறு வருஷம் காமன்வெல்த் எழுத்தாளர் பரிசில் யூரேசியப் பகுதியின் சிறந்த முதல் நூலாகத் தேர்வானது. மூன்று தலைமுறைக் கதை. வறண்ட வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்து சிங்களத் தொழிற்சங்க நண்பர்களுடன் வளரும் சகாதேவன். அவர் மகன் ராஜன். ராஜன் மகனாக வளர்க்கும் விஜய்.

விஜய் பிறப்பால் சிங்களவன். ராஜன் மணந்த லாலி என்ற சிங்களப் பெண்ணின் மகன். லாலி 1958 கலவரத்தில், தமிழச்சி என்று எண்ணிய சிங்களக் கும்பலால் கொல்லப்படுகிறாள். கடைசியில் விஜய் தமிழ்ப் போராளி ஒருவனின் கையால் சாகிறான். மகாவம்சம் சொல்லும் ஆதி சிங்களவனின் பெயர் விஜயன். அந்தப் பெயரைத் தமிழ்த் தகப்பனால் வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு வைத்ததில், ரத்தத்தை உறவுக்கு ஆதாரமாகக் கொள்ள மறுக்கும் ஒரு பிடிவாதம் தெரிகிறது. நினைவில் பங்குள்ளவர்களே உறவினர். அந்த நினைவு செத்தால் இரண்டு பக்கமும் மிஞ்சுவது பிணம்தான்.

நாவலின் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். பாத்திரங்கள் பல இடங்களில் ஒருவருக்கொருவர் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறார்கள். வேலைநிறுத்தத்தின் காரணங்களை நண்பனுக்கு விளக்குகிறவனின் தோளுக்குப் பின்னால் 'ரேஸ் அண்டு கிளாஸ்' ஆசிரியர் எட்டிப் பார்க்கிறார். லாலியின் சாவு ஆண்களின் சரித்திரத்துக்கு அர்த்தம் கொடுக்கப் பயன்படும் அளவுக்கு லாலி வாழ்வதற்குப் பக்கங்கள் கொடுக்கப்படவில்லை. யாழ்ப்பாணம் வருகிறது, சாதி மையத்துக்கு வருவதில்லை. அதே யாழ்ப்பாணத்தை கே. டானியல் 1972இல் 'பஞ்சமர்' நாவலில் எழுதிவிட்டிருந்தார். பிறர் வசையாக வைத்த பெயரையே அட்டையில் போட்டு எழுதிய நாவல் அது. சிவானந்தன் லண்டனில் செய்த காரியத்தை டானியல் ஊரிலேயே, தமிழிலேயே செய்தார். அவர் எழுத்தில் கல்லெறிகிறவனும் தமிழன்தான்.

ஆனால் நாவலில் என்னை மிகவும் தொந்தரவு செய்தது வேறொன்று. பல இடங்களில் நான் வாசிப்பதை நிறுத்தி, இவர்கள் இப்போது எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள் என்று யோசிக்க வேண்டியிருந்தது. தமிழா, சிங்களமா, ஆங்கிலமா? எல்லாம் ஒரே ஆங்கிலமாக இருக்கிறது. முதலில் இதைக் கலைக் குறைபாடு என்றே குறித்து வைத்தேன். ஒரு மொழிச் சட்டத்தால் உடைந்த நாட்டின் கதையில் மொழி காதில் விழாமல் போகலாமா? பிறகு லாலியின் சாவுக்கு வந்தேன். கும்பலுக்கும் அவள் யார் என்று தெரியவில்லை. எனக்கும் அதுவரை சிங்களக் குரலையும் தமிழ்க் குரலையும் பிரித்துக் கேட்கத் தெரியவில்லை. என் தெரியாமை நாவல் எனக்குத் தந்த ஒரு சலுகை. அவர்களுடைய தெரியாமை கொலை.

ஆசிரியர் இதைத் திட்டமிட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆங்கிலத்தில்தான் அவருடைய கட்டுரைகளின் பெருமையும் எல்லையும் தெரிகின்றன. சிங்களவரும் தமிழரும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகப் பேசும் இடம் அந்த ஆங்கிலப் பக்கம். பஞ்சாபியும் ஜமைக்கரும் ஒரே பெயரில் நின்ற இடம் லண்டன். இரண்டுமே ஊரைவிட்டு வந்த பிறகு கட்டிய வீடுகள். ஊரில் அந்த வீட்டை நிறுத்த முடியவில்லை என்பதை அவரே எழுதினார். 1984இல் இலங்கை பற்றி அவர் எழுதிய கட்டுரை, மொழிச் சட்டமும் கல்வியும் வேலையும் சேர்ந்து இனவாதத்தை எப்படி விளைவித்தன என்று கணக்கெடுத்தது. அந்தக் கணக்கு இன்றும் தவறாகிவிடவில்லை. அதில் அடங்காத ஒரு சாவை, தமிழன் துப்பாக்கியால் நிகழ்ந்ததை, எழுத அவருக்கு நாவல் தேவைப்பட்டது. கட்டுரையாளர் தோற்ற இடத்தில் நாவலாசிரியர் ஜெயித்தார் என்று நம் தூய கலைக்காரர்கள் இதைக் கொண்டாட வேண்டாம். அந்தப் பெயரை நாற்பது வருஷம் சுமந்திராதவருக்கு அதன் எடை தெரிந்திருக்காது. அந்தச் சாவும் வெறும் சோகமாகவே எழுதப்பட்டிருக்கும்.

5

தமிழ்நாட்டில் சிவானந்தனைக் குறிப்பிடும்போது 'ஈழத் தமிழர்', 'நம்மவர்' என்று பெருமைப்படுகிறோம். ரத்தத்தை வைத்து உறவு கொண்டாட மறுத்தவரை ரத்தத்தை வைத்தே சொந்தமாக்கிக்கொள்கிறோம். கறுப்பு இலக்கியம் படித்துவிட்டு 'நாங்களும் கறுப்பர்களே' என்று எழுதுகிற வழக்கமும் நம் சிறுபத்திரிகைகளில் உண்டு. நானே எழுதியிருக்கிறேன். அந்த வாக்கியத்தை எழுத எனக்கு என்ன செலவாயிற்று என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். ஒன்றும் செலவாகவில்லை. வெள்ளைக்காரன் முன்னால் கறுப்பனாக இருப்பது எனக்குச் சுலபம். அவன் எங்கள் கிளைக்கு வருவதில்லை. ஜன்னல் திட்டின் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதுதான் எனக்குரிய கேள்வி. 1972இல் பம்பாயில் அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்ட தலித் சிறுத்தைகளுக்கு அதற்கு உரிமை இருந்தது. எனக்கு அந்த உரிமை தானாக வந்துவிடாது.

1985 கட்டுரையைத் தமிழில் கொண்டுவர முயன்றுகொண்டிருக்கிறேன். முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். பத்திரிகைகள் எழுதும் 'கருப்பினத்தவர்' என்ற சொல் உதவாது. அவர் அந்தப் பெயரிலிருந்து எதை வெளியேற்றப் பாடுபட்டாரோ, அந்த 'இன'த்தை அது திரும்ப உள்ளே கொண்டுவந்து உட்கார வைக்கிறது. 'கறுப்பர்' என்றே எழுதி வைத்திருக்கிறேன். பழைய சினம் அதில் இன்னும் கேட்கிறதா, நிறம் மட்டும்தான் தெரிகிறதா என்பதை மொழிபெயர்ப்பு வந்த பிறகு நண்பர்கள் சொல்ல வேண்டும். மறுப்பவர்கள் எழுதினால் இந்தப் பக்கங்களில் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.